லேபிள் அடிக்கும் முன் நூலகத்துக்கு ஒரு நடை

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் போட்டு விற்கிறார். கைமணம் அப்படி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் வெளியூர்க்காரர்கள் ஒரு பாக்கெட் வாங்கிப் போய், அடுத்த பௌர்ணமிக்கு வீட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். வியாபாரம் சூடு பிடித்ததும் மங்களகரமாக ஒரு பெயர் வைத்து, மலைப் படம் போட்டு இரண்டாயிரம் கவர் அடித்துவிட்டார். மூன்றாம் மாதம் வெளியூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ். அதே பெயர், அதே பொடி. அவர்கள் என்றைக்கோ பதிந்து வைத்திருக்கிறார்கள். கவர்கள் இப்போது பரணில் தூங்குகின்றன.

"நூலகத்துல அரை நாள் உட்கார்ந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமாமே, யாருமே சொல்லலையே!" என்று அங்கலாய்த்தார். அவருக்காக எழுதி வைத்த குறிப்புகள் இவை. கைத்தொழில் தொடங்கும் எல்லோருக்கும் உதவும்.

1. முதலில் கூச்சத்தை விடுங்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு தொகை அதில் இருக்கும். 1948இல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த நாளிலிருந்து நடக்கும் ஏற்பாடு அது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தியதன் பலன். நாம் காசு கொடுத்து நடக்கிற இடத்தில் போய் உட்கார என்ன தயக்கம்?

2. மாவட்ட மைய நூலகத்துக்குப் போவது நல்லது. பக்கத்துக் கிளை நூலகத்தில் நாளிதழும் நாவலும் கிடைக்கும்; நமக்கு வேண்டியது குறிப்புதவிப் பிரிவும் இணையம் உள்ள கணினியும். காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலி முழுக்க நிறைந்துவிடுவார்கள். பௌர்ணமியும் தீபமும் வரும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு ஊருக்குள் நடப்பதே பெரிய காரியம்.

3. கையில் ஒரு நோட்டு. அதில் நீங்கள் வைக்க நினைக்கும் பெயர் ஒன்றல்ல, நான்கு. ஒரே பெயரை மனதில் வைத்துக்கொண்டு போனால், அது வேறொருவர் பெயரில் இருப்பதைப் பார்த்தும் "இது வேற மாதிரிதானே" என்று மனம் சமாதானம் தேடும். நான்கு இருந்தால் ஒன்றை விடுவது வலிக்காது.

4. என்ன தேடப் போகிறோம் என்பதில் குழப்பம் கூடாது. முறுக்கு அச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மாவைப் பிழிகிற முறையில் யாரும் செய்யாத புதுமை இருந்தால் காப்புரிமை. வேலை பழையதுதான், தோற்றம் மட்டும் புதிது என்றால் வடிவமைப்புப் பதிவு. அச்சின் மேல் பொறித்த பெயரும் முத்திரையும் வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க். ஊர்ப்பெயரோடு ஒட்டிய புகழ் என்றால் புவிசார் குறியீடு. பொடி, ஊறுகாய் விற்பவர்களுக்குப் பெரும்பாலும் வணிகக்குறி ஒன்றே போதும். "பொடிக்குப் பேடன்ட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. கணினியில் ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்துக்குப் போங்கள். வணிகக்குறிகளுக்குப் பொதுத் தேடல் என்று தனிப் பக்கம் உண்டு. கட்டணம் கிடையாது. செல்போனுக்கு ஓடிபி எண் வரலாம் என்பதால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பொதுக் கணினி என்பதால் வேலை முடிந்ததும் மறக்காமல் வெளியேறுங்கள். ஆதார் நகலை அதில் இறக்கி வைத்துவிட்டு வருவது வீட்டுச் சாவியைப் பேருந்தில் விட்டு வருவது போல.

6. அடுத்து அந்தத் தேடல் பக்கம் கேட்பது வகுப்பு எண். இங்கேதான் பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

உலகத்துச் சரக்கையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நம் மாவட்டத்து நிலக்கடலையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். வயலிலிருந்து வந்த பச்சைக் கடலை 31. அதை வறுத்துப் பாக்கெட் போட்டால் 29. வெல்லப்பாகில் பிடித்துக் கடலை மிட்டாய் ஆக்கினால் 30. செக்கில் ஆட்டிய சமையல் எண்ணெய் மறுபடி 29. ஆட்டி முடிந்து மாட்டுக்குப் போகும் புண்ணாக்கு 31. விளக்கேற்றத் தனியாகக் கலந்து விற்கும் தீப எண்ணெயும் திரியும் என்றால் 4. ஒரே கடலைதான், நான்கு கதவு.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய், நெய், தயிர் 29. மசாலா, பொடி வகை, மாவு, காபித்தூள் 30. ஊதுபத்தி, குளியல் சோப்பு 3. சித்த, ஆயுர்வேத மருந்து 5. சேலை, வேட்டி, சட்டை 25. மெஸ், தங்கும் விடுதி 43. நம் அக்கா பொடியும் ஊறுகாயும் விற்பதால் 29, 30 இரண்டிலும் தேடியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணமும் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி என்பதால், ஆசைக்கு நாலைந்து வகுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

7. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் நம்பாமல் காதால் தேடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். 'அருணாசலா' என்பதில் 'ச' வரும் இடத்தில் ஒருவர் ஓர் எழுத்தும் இன்னொருவர் இரண்டெழுத்தும் போடுவார்; கடைசியில் 'ம்' சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. நினைவுக்கு வருகிற எல்லா விதத்திலும் அடித்துப் பாருங்கள். ஒலியொப்புத் தேடல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதையும் விடாதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், வழக்கு வந்தால் நீதிமன்றமும் காதைத்தான் கேட்கிறது. 1962இல் 'அம்ரித்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துகளின் பெயர்த் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. பண்டிதருக்கு இரண்டும் வேறு சொல்; பொருளும் வேறு. ஆனால் கடைக்கு வரும் சாதாரண மனிதர் அரைகுறை ஞாபகத்தில் கேட்பார், அவர் ஏமாறுவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்றும் சொன்னது. உங்கள் பெயரை மளிகைக் கடைக்காரரிடம் ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் எதை எடுத்து நீட்டுகிறாரோ, அதுதான் உங்கள் போட்டியாளர்.

8. படத்தையும் தேட வேண்டும். வியன்னா குறியீடு என்ற எண் முறை ஒன்று இதற்கென்றே உண்டு. நிலக்காட்சி, மலை எல்லாம் 6. கட்டடங்கள் 7. விளக்கு 13. நம் ஊர் லேபிள்களில் இந்த மூன்றும் இல்லாததைத் தேடிப் பிடிக்க வேண்டும்! கோபுரம் வரைகிறவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை: தமிழ்நாடு அரசின் முத்திரையிலும் கோபுரம் உண்டு. அரசு முத்திரைகளை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அதைப் போலத் தோன்றும்படி வரைய வேண்டாம்.

9. சாமி பெயர். இதைச் சொல்லாமல் திருவண்ணாமலையில் வணிகக்குறி பற்றிப் பேசவே முடியாது. மெஸ், லாட்ஜ், ஆட்டோ ஸ்டாண்டு, செல்போன் கடை எல்லாவற்றுக்கும் அண்ணாமலையார்தான் முதலாளி. பீகாரிலோ பெங்களூரிலோ இருந்தாலும் கதை இதேதான். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: புனித நூலின் பெயரை ஒரு தனி ஆள் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேறு சொற்களோடு சேர்த்து வித்தியாசப்படுத்தினால் அந்தச் சேர்க்கைக்குப் பதிவு கேட்கலாம். மத உணர்வைப் புண்படுத்தும் குறிகளையும் சட்டம் ஏற்காது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பக்திப் பெயரை வீட்டு வாசலில் வையுங்கள். பாக்கெட்டில் வேறு வையுங்கள். ஊரில் நாற்பது பேர் வைத்திருக்கும் பெயரைப் பதிவு செய்தாலும் யாரையும் தடுக்க முடியாது. அப்புறம் எதற்கு அந்தச் செலவு? 'சுவை', 'ஸ்பெஷல்', 'மேஜிக்' போன்ற புகழ்ச்சிச் சொற்களுக்கும் இதே கதிதான். நூடுல்ஸ் மசாலாவில் 'மேஜிக் மசாலா', 'மேஜிக்கல் மசாலா' என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டபோது, இவை எல்லோரும் பயன்படுத்தும் புகழ்ச்சிச் சொற்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. பாட்டி பெயர், குலப்பெயர், குழந்தை உளறிய ஒரு சொல், இப்படி அகராதியில் இல்லாத ஒன்றுக்குத்தான் பலம் அதிகம்.

10. தேடலில் ஒரு பெயர் வந்துவிட்டால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் நிலை என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். 'ரெஜிஸ்டர்டு' என்றால் பதிவாகிவிட்டது. 'அப்ஜெக்டட்' என்றால் பதிவாளரே கேள்வி கேட்டிருக்கிறார். 'அப்போஸ்டு' என்றால் வெளியிலிருந்து யாரோ எதிர்த்திருக்கிறார்கள். 'அபான்டன்டு' என்றால் கைவிடப்பட்டது. உங்கள் நான்கு பெயர்களுக்கும் கிடைத்ததை நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அச்சு எடுக்க வசதியிருந்தால் இன்னும் நல்லது.

11. நூலகத்தின் உண்மையான பலம் கணினியில் இல்லை, பழைய தாளில் இருக்கிறது. வீட்டில் மாமியார் காலத்திலிருந்து ஒரு பெயரில் ஊதுபத்தி உருட்டி விற்கிறீர்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. இப்போது யாரோ அதே பெயரைப் பதிந்துகொண்டு உங்களை நிறுத்தச் சொல்கிறார்கள். அவர்களுக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை அப்படித் தடுக்க முடியாது என்று 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நிரூபிப்பது எப்படி? பழைய பில் புத்தகம், அச்சகத்து ரசீது, கோயில் மலரில் கொடுத்த விளம்பரம், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டம். வீட்டில் கரையான் அரித்தது நூலகத்தில் தப்பியிருக்கும். மாவட்ட நூலகத்தில் அகப்படவில்லை என்றால் சென்னை கன்னிமாரா. 1896இல் திறந்த அந்த நூலகத்துக்கு நாட்டில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டும். விளம்பரம் கிடைத்தால், இதழின் பெயரும் தேதியும் தெரியும் முன்பக்கத்தையும் சேர்த்து நகல் எடுங்கள். தேதி இல்லாத விளம்பரம் உப்பில்லாத ஊறுகாய்.

12. இனி காப்புரிமை. ராக்கெட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1856இல் இந்தியாவில் முதல்முதலாகக் கேட்கப்பட்ட காப்புரிமை என்ன தெரியுமா? கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்பவர், பங்கா இழுக்க ஒரு பொறி செய்திருப்பதாக விண்ணப்பித்தார். வீட்டில் காற்று வாங்குகிற சமாச்சாரம்!

உங்கள் கணவரோ தம்பியோ கடலை உடைக்க ஒரு கருவி செய்திருந்தால், அதே ஐபி இந்தியா தளத்தில் காப்புரிமைத் தேடலுக்கும் வழி உண்டு. அதோடு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் நடத்தும் எஸ்பாஸ்நெட், ஐ.நா. அமைப்பின் பேடன்ட்ஸ்கோப், கூகுள் பேடன்ட்ஸ் மூன்றும் இலவசம். எஸ்பாஸ்நெட்டில் மட்டும் 15 கோடிக்கு மேல் ஆவணங்கள். அந்தக் கடலில் சொல்லை வைத்துத் தேடினால் மூழ்கிவிடுவோம், ஏனென்றால் வக்கீல்கள் கருவியைக் கருவி என்று எழுதமாட்டார்கள். 'வித்து உறை நீக்கும் அமைப்பு' என்று எழுதுவார்கள். எனவே வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள். சமையலறைச் சாதனங்கள் ஏ47ஜே. கொட்டை, கடலை உடைக்கும் பொறிகள் ஏ23என் 5. ஒத்துவரும் ஓர் ஆவணம் கிடைத்ததும், அதன் முதல் பக்கத்தில் இருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு அந்த எண்ணாலேயே மீண்டும் தேடுங்கள்.

13. பாட்டி வைத்தியத்துக்குக் காப்புரிமை கிடைக்காது. காப்புரிமைச் சட்டம் 3ஆவது பிரிவின் 'பி' உட்பிரிவு, மரபறிவைக் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கிவிட்டது. இதில் நமக்கு நட்டத்தைவிட லாபமே அதிகம். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு, காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அடுக்களையில் விரல் நறுக்கிக்கொண்ட எந்தப் பெண்ணும் சிரித்திருப்பாள். ஆனால் சிரிப்பு சாட்சி ஆகாதே. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மஷேல்கர் தலைமையில் 32 சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. பழைய சமஸ்கிருத நூல்களும், 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் அவற்றில் உண்டு. 1997இல் காப்புரிமை ரத்தானது. வாய்வழி ஞானம் தோற்றிருக்கும், அலமாரியில் தூசி படிந்து நின்ற தாள் ஜெயித்தது. பிறகு 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் நம் சித்த மருத்துவ நூல்களும் சேர்ந்தன.

ஆகவே உங்கள் யோசனை புதியதா என்று பார்க்கும்போது, காப்புரிமைத் தளத்தோடு நிற்காமல் சித்த வைத்திய வரிசையையும் பழைய சமையல் புத்தகங்களையும் புரட்டுங்கள். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அதில் இருப்பதை 'என் கண்டுபிடிப்பு' என்று சொல்ல முடியாது.

14. காலாவதியான காப்புரிமை ஒரு புதையல். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். நடுவில் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டாலும் செத்துவிடும். அதன் பிறகு அந்தச் செய்முறையை யாரும் பயன்படுத்தலாம். படமும் அளவும் போட்டு விளக்கமாக எழுதியிருப்பார்கள். கைவேலை தெரிந்த பட்டறைக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. தொடுவதற்கு முன் அது இந்தியாவில் உயிரோடு இருக்கிறதா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

15. விண்ணப்பிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். கண்காட்சியில் வைப்பது, யூடியூபில் போடுவது, சொந்தக்காரர் கல்யாணத்தில் செய்து காட்டுவது எல்லாம் 'புதுமை' என்ற தகுதியைக் கெடுத்துவிடும். அவசரம் என்றால் தற்காலிக விவரணம் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். நூலகத்திலும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் படம் வரைந்து விளக்க வேண்டாம்.

16. ஊர்ப்பெயரில் கை வைக்கும்போது கவனம். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டுக்கும் 2019. நம் வீட்டில் செய்த மிட்டாய் எவ்வளவு ருசியாக இருந்தாலும் கவரில் 'கோவில்பட்டி' என்று போடக்கூடாது. ஆரணியில் நெய்பவர்கள் மட்டும், அதிகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொண்டால் அந்தப் பெயருக்கு உரிய பலனை அடையலாம்.

17. செலவு. தனிநபர் இணையம் வழியாக வணிகக்குறிக்கு விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், தாளில் கொடுத்தால் 5,000. காப்புரிமை விண்ணப்பத்துக்கு இணையத்தில் 1,600. பரிசோதனைக்குத் தனியாக 4,000. பெண் விண்ணப்பதாரர்கள் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். வெளியே யாராவது இதைவிட மிகப் பெரிய தொகையை 'அரசுக் கட்டணம்' என்று சொன்னால் ரசீது கேளுங்கள். அவருடைய கூலி வேறு, அரசுக் கட்டணம் வேறு.

18. நூலகத்தில் தீராத சந்தேகத்துக்குச் சென்னை. கிளாம்பாக்கத்தில் இறங்கி கிண்டிக்குப் போனால், ஜி.எஸ்.டி. சாலையிலேயே அறிவுசார் சொத்துரிமைக் கட்டடம். காப்புரிமை, வணிகக்குறி அலுவலகங்களும், நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் தொழில்நுட்பக் கல்வி இயக்கக வளாகத்தில். அங்கிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம்தான். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட்டு இரவு வண்டியில் திரும்பலாம், கையில் தயிர்சாதம் இருந்தால். படிப்பில்லாத, பட்டறையில் கண்டுபிடித்தவர்களுக்கு குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய புத்தாக்க அறக்கட்டளை காப்புரிமை விண்ணப்பத்துக்கே உதவுகிறது.

19. விண்ணப்பித்த பிறகு உங்கள் முகவரி பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும். அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு 'உடனே பணம் கட்டவும்' என்று கடிதம் வரும். கட்டாதீர்கள். எதுவாக இருந்தாலும் விண்ணப்ப எண்ணைத் தளத்தில் போட்டு நீங்களே பாருங்கள். பதிவாளரின் ஆய்வறிக்கை வந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கிடைத்த 30 நாளுக்குள் பதில் போக வேண்டும்.

20. வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி, பதிவு கையில் கிடைத்த பிறகுதான். அதற்கு முன் போட்டால் சட்ட மீறல். 'டி.எம்.' என்ற சிறு எழுத்தை முதல் நாளிலிருந்தே போடலாம்.

21. வணிகக்குறி இதழ் திங்கட்கிழமைதோறும் வரும். உங்கள் பெயர் அதில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவான பிறகு உங்கள் முறை: மாதம் ஒரு திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய், உங்கள் வகுப்பில் ஒத்த பெயர் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதே நான்கு மாதம்தான் உங்களுக்கும் கெடு.

22. பதிவு 10 ஆண்டுக்கு. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். நகைக் கடன் ரசீது வைத்திருக்கும் பெட்டியிலேயே சான்றிதழையும் வைத்து, பெட்டி மூடியின் உள்பக்கம் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். நம் அக்கா அப்படித்தான் செய்திருக்கிறார். புதுப் பெயர் அவருடைய பாட்டியின் செல்லப் பெயர். 29இலும் 30இலும் தேடி, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கவர் அடித்தார். இந்தமுறை ஐநூறு மட்டும்.